அம்மாவுக்குத் தெரியும்

வியரெஜ்ஜோ,
14 மார்ச் 1988

மொரேனாவுக்கு,

‘அன்புள்ள’ என்று தொடங்கி, அடித்துவிட்டு, வேறு தாள் எடுத்தேன். அந்த வார்த்தையைப் பார்த்தால் நீ சிரிப்பாய், இல்லாவிட்டால் எரிச்சல்படுவாய்.

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். கார்னிவல் கூட்டம் போனதிலிருந்து எங்கள் ஊர் வெறிச்சோடிக் கிடக்கிறது. படகுத் தளத்தில் வேலைக்குக் குறைவில்லை. பெரிய மீன்பிடிப் படகு ஒன்றின் அடிப்பாகத்தைச் சுரண்டி வர்ணம் பூசுகிறோம். தின்கிற ரொட்டியிலும் வர்ண வாடைதான்.

வக்கீல் மூலமாகக் கேட்டால் வக்கீல் மூலமாகத்தான் பதில் வரும். அதனால் நேராக உன்னிடமே கேட்கிறேன். இலாரியாவோடு எனக்கு ஒரு நாள் வேண்டும். உன் அண்ணன் இல்லாமல், நானும் அவளும் மட்டும்.

பத்து மாதமாக இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு உன் சமையலறையில் உட்கார்ந்து மகளைப் பார்த்துவிட்டுப் போகிறேன். துல்லியோ மூலையில் நாற்காலி போட்டுக்கொண்டு விளையாட்டுப் பத்திரிகையை விரித்துப் பிடித்திருக்கிறார். போன தடவை அவள் என் காதில் கேட்டாள்: “அப்பா, மாமா ஏன் ஒரே பக்கத்தையே படிச்சிட்டு இருக்காரு? எழுத்துக் கூட்டிப் படிக்கிறாரா?” சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர் குடிக்க எழுந்துபோனேன்.

அன்றைக்கே இன்னொன்றும் கேட்டாள். “லூக்கா ஊருப் பெரிய கோயில்ல என் பேருள்ள பொம்பளை கல்லா படுத்திருக்காங்களாமே, காலடியில நாயோட? டீச்சர் சொன்னாங்க. நீ பாத்திருக்கியா?” பார்த்திருக்கிறேன் என்றேன். யாரோடு பார்த்தேன் என்று சொல்லவில்லை. அப்போது நீ ஏழு மாதக் கர்ப்பிணி. அந்தக் கல்லுக்கு முன்னால் நின்றுதான் பெயரை முடிவு செய்தாய்.

ஏப்ரல் 17, ஞாயிறு. காலை ரயிலில் அழைத்துப் போய், கல் இலாரியாவைக் காட்டி, வயிறார வாங்கிக் கொடுத்து, மாலை ரயிலில் உன் கையில் ஒப்படைத்துவிடுகிறேன்.

நான் செய்ததை மறந்துவிட்டுக் கேட்கவில்லை. அதற்கு நியாயமும் சொல்லப்போவதில்லை.

லோரியானோ

*

பெஷா,
22 மார்ச் 1988

லோரியானோ,

உன் கடிதம் வெள்ளிக்கிழமையே வந்தது. ‘முடியாது’ என்று அன்றைக்கே எழுதி உறையில் போட்டேன். தபால் பெட்டி வரை போய்த் திரும்பி வந்தேன். இது இரண்டாவது பதில்.

என் பயத்தை நீ வக்கீல்கள் சொல்லித்தான் கேட்டிருக்கிறாய். அவர்கள் சொல்லும்போது அது ஏதோ சட்டப் பிரிவு மாதிரி இருக்கும். நானே சொல்கிறேன், கேள்.

1986 நவம்பர் 11. பள்ளி வாசலில் பன்னிரண்டரைக்கு நீ வந்து நின்றாய். டீச்சர் யோசித்தாராம். குழந்தையும் உன்னிடம் கேட்டாளாம், “அம்மாவுக்குத் தெரியுமா?” என்று. “அம்மாவுக்குத் தெரியும்” என்று நீ சொன்னாய். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் டீச்சர் அவள் கையை விட்டார். நான் பத்து நிமிஷம் தாமதமாகப் போனேன். வாசலில் யாரும் இல்லை. மூன்று நாள், லோரியானோ. ஒரு போன் இல்லை. மூன்றாம் நாள் மதியம் சளியும் புதுப் பொம்மையுமாக அவளைப் பேருந்து நிறுத்தத்தில் கொண்டுவந்து விட்டாய். உன் சட்டைப் பையில் பாஸ்போர்ட், அதில் அவள் பெயரும் சேர்த்திருந்தது. அர்ஜென்டினாவிலிருந்து உன் தம்பி எழுதிய கடிதமும் இருந்தது, ‘இங்கே வேலை இருக்கிறது, வா’ என்று.

‘நான் எங்கும் போகவில்லையே’ என்று கோர்ட்டில் சொன்னாய். போகவில்லைதான். ஆனால் அந்த மூன்று நாள் என்னை விட்டும் போகவில்லை. இன்றைக்கும் பன்னிரண்டரை ஆனால், பூச்சந்தையில் எவ்வளவு வேலை இருந்தாலும், கார்னேஷன் கட்டிக்கொண்டிருக்கிற கை சில்லிட்டுப் போகிறது. கூட வேலை செய்கிறவர்களுக்கு இது பழகிவிட்டது. “மணி ஆச்சு, மொரேனாவ விடுங்கடி, போய்ப் பிள்ளையைப் பாத்துட்டு வரட்டும்” என்பார்கள்.

இருந்தாலும் அவள் காலண்டரில் 17-ஐச் சுற்றி வட்டம் போட்டுவிட்டாள். உன் கடிதத்துக்கு முன்பே நீ அவளிடம் தேதி சொல்லியிருக்கிறாய். இதுதான் உன்னிடம் எனக்குப் பிடிக்காத குணம்: முதலில் ஆசை காட்டிவிட்டு அப்புறம் அனுமதி கேட்பது. இல்லை என்று சொல்கிறவள் எப்போதும் நானாகவே இருக்க வேண்டுமா?

போய் வாருங்கள். ஆனால் உன் பாஸ்போர்ட்டைப் பதிவுத் தபாலில் துல்லியோவுக்கு அனுப்பு. பன்னிரண்டு மணிக்கு எங்கிருந்தாலும் வீட்டுக்குப் போன் பண்ணு, அவள் குரல் கேட்க வேண்டும். ஐந்து நாற்பது ரயிலில் ஏறிவிட வேண்டும். நான் இங்கே ஸ்டேஷனில் நிற்பேன். நீலக் கோட்டும் சிவப்புக் காலுறையும் போட்டு அனுப்புவேன். ஒன்றுக்கு வந்தால் சொல்ல மாட்டாள், நீதான் கேட்க வேண்டும். கூட்டத்தில் கையை விடாதே. கையை மட்டும் விடாதே.

மொரேனா

*

வியரெஜ்ஜோ,
26 மார்ச் 1988

மொரேனாவுக்கு,

பாஸ்போர்ட்டை இன்று காலை அனுப்பிவிட்டேன். ரசீது என்னிடம் இருக்கிறது. அவள் பெயர் இருக்கிற பக்கத்தைக் கிழித்துப் போட்டாலும் ஏன் என்று கேட்க மாட்டேன்.

எல்லாவற்றுக்கும் சரி. தேதியை முன்கூட்டியே சொன்னது தப்புதான்.

ஒன்றே ஒன்று. அன்று காலை ஸ்டேஷனில் பயந்த முகத்தோடு நிற்காதே. அவள் ரயிலைப் பார்க்க மாட்டாள், உன் முகத்தைத்தான் பார்ப்பாள்.

லோரியானோ

*

வியரெஜ்ஜோ,
19 ஏப்ரல் 1988

மொரேனாவுக்கு,

இந்தக் கடிதத்தை உன் வக்கீலம்மாவிடம் காட்டலாம். காட்டினால் என்ன ஆகும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

ஞாயிறு மாலை ஸ்டேஷனில் “எப்படி இருந்துச்சு?” என்று கேட்டாய். “நல்லா இருந்துச்சு” என்றேன். பாதி நாள் நன்றாகத்தான் இருந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் சொல்லத் தெம்பு இருக்காது.

லூக்காவில் கோட்டை மதில் மேல் நடந்தோம். மரங்கள் அப்போதுதான் துளிர்த்திருந்தன. மதிலிலிருந்து கீழே எட்டிப் பார்க்கிற ஒவ்வொரு இடத்திலும் அவளை உள்பக்கம் இழுத்துக்கொண்டேன். அவளுக்குப் பயமே இல்லை. குயினிஜி கோபுரத்தில் என்னை முந்திக்கொண்டு ஏறினாள். “என்னப்பா, மூச்சு வாங்குது? கிழவன் ஆயிட்டியா?” உச்சியில் வளர்த்திருக்கிற மரங்களுக்கு நடுவே நின்று கூரைகளை எண்ணினாள். நான் அவள் கோட்டின் இடுப்புப் பட்டையைப் பிடித்திருந்தேன். “விடுப்பா, வலிக்குது” என்ற பிறகுதான் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறேன் என்று தெரிந்தது. காற்றில் பின்னல் அவிழ்ந்துபோனது. எனக்குப் பின்னத் தெரியவில்லை. ரிப்பனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

சான் ஃப்ரெதியானோ கோயிலில் கண்ணாடிப் பெட்டிக்குள் புனித ஜீத்தாவைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “செத்துட்டாங்களா, தூங்குறாங்களா?” செத்து எழுநூறு வருஷம் ஆச்சு என்றேன். “அப்புறம் ஏன் இன்னும் வெளிய வச்சிருக்காங்க?”

பன்னிரண்டுக்குப் போன் பண்ணினேன். துல்லியோ எடுத்து, “மொரேனாவுக்குத் தலைவலி, படுத்திருக்கா. பிள்ளைகிட்டக் குடு” என்றார். பிள்ளை பேசியது. அப்புறம் சாப்பாடு. கறி அடைத்த தோர்தெல்லி அவள் தட்டில் இருந்ததும் போக என் தட்டில் பாதியும் உள்ளே போனது. பரிமாறிய அம்மாள், “அப்பனை அப்படியே உரிச்சு வச்சிருக்கு” என்று கன்னத்தைக் கிள்ளினாள். அந்த மேஜையில் நான் ரொம்ப சந்தோஷமாக இருந்தேன். இருந்தேன் என்பதையும் எழுதிவைக்கிறேன்.

பேராலயத்தில் கல் இலாரியாவைச் சுற்றிச் சுற்றி வந்தாள். நாயின் மூக்கைத் தொடப் போனவளைக் காவலாள் அதட்டினார். “இவங்களுக்குப் பிள்ளை இருந்துச்சா?” என்று கேட்டாள். இருந்தது என்றேன். “இவங்க செத்த பிறகு அது யார்கிட்ட இருந்துச்சு?” அப்பா கிட்டதான் என்றேன். “எல்லா நாளுமா?” என்றாள். அவளை வெளியே கூட்டி வந்துவிட்டேன்.

வெளியே பழம்பொருள் சந்தை. மாதத்தின் மூன்றாவது ஞாயிறு என்று நான் யோசிக்கவே இல்லை. கடைகளுக்கு நடுவே நகர இடமில்லை. ஒரு மேஜையில் பழைய தச்சு இழைப்புளி கிடந்தது, படகு செய்கிறவர்கள் வைத்திருக்கிற வகை. அடிப்பலகையைத் திருப்பிப் பார்க்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. நீ இரண்டு தடவை எழுதியிருந்தாய். நான் விட்டேன். இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினேன். அங்கே அவள் இல்லை.

மணி இரண்டு முப்பத்தைந்து.

முதலில் ஒளிந்து விளையாடுகிறாள் என்று நினைத்தேன். மேஜைத் துணிகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பேராலயத்துக்குள் ஓடினேன், கல் இலாரியா பக்கத்தில் யாரும் இல்லை. வெளியே நீலக் கோட்டு ஒன்று தெரிந்தது. தோளைப் பிடித்துத் திருப்பினேன். வேறு யாரோ குழந்தை. அதன் அப்பா என் மார்பில் கை வைத்துத் தள்ளினான். “பிள்ளையை விடுடா! என்ன ஆளுய்யா நீ?” “என் பொண்ணைக் காணோம்” என்றேன். அவன் முகம் மாறிப்போனது. ஆனால் அவன் மனைவி தன் குழந்தையை இழுத்துத் தன் கோட்டுக்குள் மூடிக்கொண்டாள், என் பார்வை பட்டாலே ஏதாவது ஆகிவிடும் என்பது போல.

இனி எழுதப்போவதுதான் மோசமானது. இருபது அடி தூரத்தில் போலீஸ்காரர் ஒருவர் நின்றிருந்தார். நான் அவரிடம் போகவில்லை. போனால் புகார் எழுதுவார், அது நீதிபதிக்குப் போகும், அத்தோடு என் ஞாயிற்றுக்கிழமைகள் முடிந்தன என்று நினைத்தேன். மொரேனா, என் மகளைக் காணவில்லை, நான் நீதிபதியைப் பற்றி நினைத்தேன். பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தில் எவனாவது அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு போயிருந்தால் என்ற எண்ணம் வந்ததும்தான் கால் அவரிடம் ஓடியது.

“எத்தனை வயசு?”

“எட்டு.”

“உயரம்?”

கையால் காட்டினேன். கை மேலும் கீழும் போனது. மகளின் உயரம் எனக்குத் தெரியவில்லை.

“என்ன போட்டிருந்தா?”

“நீலக் கோட்டு, சிவப்புக் காலுறை.” அதுவும் நீ எழுதியதால் தெரியும்.

“அம்மா எங்க?”

“பெஷாவுல.”

“அம்மாவுக்குத் தெரியுமா?”

தெரியாது என்றேன். அவர் நோட்டிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

அப்புறம் நான் எங்கெல்லாம் ஓடினேன் என்று வரிசையாகச் சொல்ல முடியவில்லை. மதில் மேல் ஏறிக் கீழே புல்லைப் பார்த்தேன். எதைத் தேடிப் பார்த்தேன் என்று எழுத மாட்டேன். திரும்பிச் சதுக்கத்துக்கு வந்து பேராலயப் படியில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று இருபத்தைந்துக்கு மணிக்கூண்டுப் பக்கமிருந்து அவள் தனியாக, அவசரமில்லாமல் நடந்து வந்தாள்.

“எங்க போன?”

“கோயிலுக்கு.”

“எந்தக் கோயிலு?”

“சின்னக் கோயிலு.”

“யார்கூட?”

“யாரும் இல்ல.”

அவள் தலைமேல் முகத்தை வைத்து அழுதேன். தலை ஒழுங்காகப் பின்னியிருந்தது. அதைப் பார்த்தேன், யோசிக்கத் தோன்றவில்லை. போலீஸ்காரர் எழுதியிருந்த தாளைக் கிழித்துப் போட்டார். “பிள்ளையைத் திட்டாதீங்க, சார். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க.”

ரயிலில் நான் அவளிடம், “அம்மாகிட்ட இதைச் சொல்ல வேண்டாம், என்ன?” என்றேன். “சரி” என்றாள். ஏன் என்று கேட்கவில்லை. எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்கிற பிள்ளை. இரண்டு நாளாக அந்த ‘சரி’ என் காதிலேயே இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஐம்பது நிமிஷம். உனக்கு மூன்று நாள்.

லோரியானோ

*

பெஷா,
28 ஏப்ரல் 1988

லோரியானோ,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. ஜீத்தா திருநாளுக்கு லூக்காவுக்குப் பூ அனுப்புகிற வாரம், தலை தூக்க நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காரணம் அது இல்லை.

வக்கீலம்மாவிடம் போனில் ‘ஒரு கடிதம் வந்திருக்கிறது’ என்று மட்டும் சொன்னேன். “அவர் கையெழுத்து இருக்கா? அது போதும்மா. கொண்டு வாங்க, முடிச்சிடலாம்” என்றார். நான் கொண்டுபோகவில்லை. ஏனென்று சொல்கிறேன். உட்கார்ந்து படி.

எனக்குத் தலைவலி இல்லை. நான் வீட்டிலேயே இல்லை. உங்கள் ரயில் போனதும் வீட்டுக்கு வந்து அவள் குடித்துவிட்டுப் போன பால் கிண்ணத்தைக் கழுவினேன். கை சில்லிட்டுக்கொண்டே இருந்தது. அடுத்த ரயிலில் ஏறிவிட்டேன். துல்லியோ, “வேண்டாம் மொரேனா, பிள்ளை பாத்துட்டா அசிங்கமாயிடும்” என்றார். போன் வந்தால் சமாளிக்கச் சொன்னேன்.

உங்களைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. கோபுரத்திலிருந்து இறங்கியதிலிருந்து உங்கள் பின்னாலேயே இருந்தேன். துல்லியோவின் மழைக்கோட்டு, தலையில் துணி. நீங்கள் சாப்பிட்ட இடத்துக்கு எதிரே ஒரு வாசலில் ஒரு மணி நேரம் நின்றேன். ஜன்னல் வழியாகத் தெரிந்தது. நீ தோர்தெல்லியைத் துண்டு போட்டுக் கொடுத்தாய். தாடையெல்லாம் குழம்போடு அவள் சிரித்தாள், தலையைப் பின்னால் சாய்த்து. வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து நாளாகிறது. நீ அவளைக் கொண்டு போய்விடுவாய் என்றுதான் வந்தேன். அந்த வாசலில் நிற்கும்போது அந்தப் பயம் போய் வேறொன்று வந்தது. அவளாகவே உன்னோடு போக ஆசைப்பட்டுவிடுவாளோ என்று. அது முந்தியதைவிட மோசமாக இருந்தது.

சந்தையில் நீ இழைப்புளியை எடுத்தாய். அவள் திரும்பினாள். நேராக என்னைப் பார்த்தாள். தலைத்துணி போட்டிருந்தும் கண்டுபிடித்துவிட்டாள். ஓடி வந்தாள். நான் கூப்பிடவில்லை, அதை நம்பு. ஆனால் வந்தவளைத் திருப்பியும் அனுப்பவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

சான் ஜொவான்னி கோயிலைத் தாண்டி, மதில் வாசலைத் தாண்டி, நேராக ஸ்டேஷனுக்கு. டிக்கெட் வாங்கினேன். பெஞ்சில் உட்கார வைத்துத் தலை பின்னினேன். என்னால் பின்னாமல் இருக்க முடியவில்லை. “அப்பாகிட்ட சொல்லிட்டுப் போலாம்மா” என்றாள். நான் ரிப்பனைக் கட்டிக்கொண்டே, “அப்பாவுக்குத் தெரியும்” என்றேன்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “ஸ்கூல் வாசல்ல அப்பாவும் இப்படித்தான் சொன்னாரு. அம்மாவுக்குத் தெரியும்னு.”

கோபமாகச் சொல்லவில்லை, லோரியானோ. பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். பெரியவர்கள் கூட்டிக்கொண்டு போகும்போது சொல்கிற வார்த்தை இதுதான் போலிருக்கிறது என்று. ரயில் வந்து நின்றது. கதவு திறந்தது. நான் ஏறவில்லை. ரயில் போனது.

திரும்ப நடந்தோம். சதுக்கத்தின் மூலையிலிருந்து உன்னைப் பார்த்தேன். பேராலயப் படியில் இரண்டு கையையும் தொடையில் கவிழ்த்து வைத்து உட்கார்ந்திருந்தாய். வாய் மட்டும் அசைந்தது, அவள் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாய், சத்தமே இல்லாமல். இதை எழுத வெட்கமாக இருக்கிறது: ஒரு நிமிஷம் நான் அசையாமல் நின்று பார்த்தேன். ஒன்றரை வருஷமாக இந்த முகத்தைத்தான் பார்க்க ஆசைப்பட்டிருந்தேன். அப்புறம்தான் இலாரியாவும் என் பக்கத்தில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று உறைத்தது.

“போ. கோயிலுக்குள்ள இருந்தேன்னு சொல்லு. அம்மாவைப் பாத்தேன்னு சொல்லாத” என்றேன். “சரி” என்றாள். உன்னிடம் சொன்ன அதே ‘சரி’. எனக்குச் சொன்னது முதலில்.

நான்கு ஐம்பது ரயிலில் திரும்பி, மழைக்கோட்டைத் துல்லியோவிடம் கொடுத்துவிட்டு, ஸ்டேஷனில் உங்களுக்காகக் காத்து நின்றேன். “எப்படி இருந்துச்சு?” என்று கேட்டேன். நீ பொய் சொன்னாய் என்று எழுதியிருக்கிறாய். அங்கே நின்ற மூன்று பேருமே பொய்தான் சொன்னோம்.

நேற்று அவள் டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். ‘என் ஞாயிற்றுக்கிழமை’ என்று கட்டுரை எழுதச் சொன்னாராம். இலாரியா வெறும் தாளைக் கொடுத்திருக்கிறாள். ஏன் எழுதலை என்று கேட்டதற்கு, “எதை எழுதலாம்னு இன்னும் யாரும் சொல்லலை, டீச்சர்” என்றாளாம். டீச்சருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. வரும் வழியெல்லாம் அவள் என் கையைப் பிடித்திருந்தாள். அந்தக் கையை மறுபடியும் ஸ்டேஷன் பக்கம் இழுத்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது.

உன் கடிதத்தையும் இதோடு வைத்துத் திருப்பி அனுப்புகிறேன். என்னுடையதும் உன்னிடமே இருக்கட்டும். நீ என்ன செய்தாலும் செய்.

மொரேனா

*

வியரெஜ்ஜோ,
4 மே 1988

மொரேனா,

உன் கடிதத்தைப் படகின் நிழலில் நின்று படித்தேன். படித்து முடித்ததும் கையிலிருந்த வர்ண டப்பாவைச் சுவரில் எறிந்தேன். கூட வேலை செய்கிறவர்கள், “யாராவது செத்துட்டாங்களா?” என்று கேட்டார்கள்.

மன்னித்துவிட்டேன் என்று எழுத வேண்டும் என்று தெரியும். வரவில்லை. அந்தப் படியில் நான் உட்கார்ந்திருந்ததை நீ நின்று பார்த்தாய் என்பதை விழுங்க முடியவில்லை. திங்கட்கிழமை இரண்டு கடிதத்தையும் எடுத்துக்கொண்டு என் வக்கீல் வீட்டு வாசல் வரை போனேன். மணியை அழுத்தக் கை வைத்தேன். அழுத்தியிருந்தால், அந்த ஆள் அடுத்த வாரமே இலாரியாவை ஒரு அறையில் உட்கார வைத்து, “அன்னைக்கு நீ யார்கூட இருந்த? சொல்லும்மா, பயப்படாத” என்று கேட்டிருப்பார். அவள் முதலில் என்னைப் பார்ப்பாள், எதைச் சொல்ல வேண்டும் என்று. கையை எடுத்துவிட்டேன்.

உன்னை நினைத்தால் இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது. நீ அவளோடு எங்காவது ரயில் ஏறிவிடுவாயோ என்று வேலைக்கு நடுவே ஒரு நாளைக்கு நான்கு தடவையாவது தோன்றுகிறது. உனக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று இனி நீ எனக்கு எழுதிப் புரியவைக்க வேண்டியதில்லை. இந்தப் பயம் நம் இருவருக்கும் சீக்கிரம் போகாது. அவள் சுமப்பதையாவது இறக்கி வைப்போம்.

ஞாயிறு, மே 8, பத்து மணி ரயிலில் வருகிறேன். அவளை நடுவில் உட்கார வை. துல்லியோவும் இருக்கட்டும். நான் முதலில் சொல்கிறேன்: ரயிலில் அம்மாவிடம் மறைக்கச் சொன்னது அப்பா செய்த தப்பு, பள்ளி வாசலில் சொன்னது பொய். அப்புறம் நீ உன்னுடையதைச் சொல். ஸ்டேஷனில் ‘அப்பாவுக்குத் தெரியும்’ என்றதையும் சொல். அப்புறம் நாம் வாயை மூடிக்கொள்வோம், அவள் கேள்வி கேட்கட்டும். அழுதால் அழட்டும். நம்மைத் திட்டினால் திட்டட்டும்.

எனக்குப் பயம் அவள் ஒன்றுமே கேட்காமல் ‘சரி’ என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவாளோ என்பதுதான். அப்படிப் போனால், அடுத்த ஞாயிறும் வருவேன், மறுபடியும் சொல்வோம். அதற்கு அடுத்த ஞாயிறும்.

நான் வந்து கதவைத் தட்டும்போது நீ மட்டும் வந்து திறக்காதே. அவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு திற. வாசலில் நாம் இரண்டு பேரும் அரை நிமிஷம் தனியாகப் பேசிக்கொண்டாலும், என்ன சொல்ல வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார்கள் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

லோரியானோ